டெலிபோன் அம்மாவின் மன்றாட்டு

அவர் குரலில் ஏற்ற இறக்கம் இருக்காது. மரணச் செய்தியையும் சந்தையில் மல்லாட்டைக் கடலை விலையையும் ஒரே தொனியில் சொல்வார். திண்டிவனம் தொலைபேசி நிலையத்தில், வெளியூர் அழைப்புகளை இணைக்கும் டிரங்க் போர்டுக்கு முன்னால் பல வருடங்கள் உட்கார்ந்ததில் வந்த குரல் அது. காதில் ஹெட்செட், கையில் ஒயர், எதிரே வரிசையாகத் துளைகள். ஒருவர் அழுதுகொண்டே ஊர்ப் பெயரைச் சொல்வார், அடுத்தவர் சிரித்துக்கொண்டே சொல்வார். இரண்டையும் சரியாகக் காதில் வாங்கி, சரியான துளையில் செருகவேண்டும். நடுவில் இருப்பவர் அழவும் கூடாது, சிரிக்கவும் கூடாது.

ஆபரேட்டர் இல்லாமலே வெளியூருக்குப் பேசும் எஸ்.டி.டி. வந்து அந்தப் போர்டைக் கழற்றிய பிறகு அவரை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கிருந்து ஓய்வு பெற்றார். ஆனால் ஊர் அவரை 'டெலிபோன் அம்மா' என்றே அழைத்தது. வீட்டு வாசலில் யாராவது கூப்பிட்டால் உள்ளேயிருந்து "யாரு வேணும்?" என்று கேட்பார். வாசலில் வந்தவரிடம் "யாரு?" என்று மட்டும் அவர் கேட்டதில்லை. வந்தவர் தன் பெயரைச் சொன்னால் அது போதாது. யாரைப் பார்க்க வந்தார், எதற்காக என்று சொன்னபிறகுதான் கதவு திறக்கும்.

நான் அந்த நாட்களில் ஒரு நாளிதழுக்குத் திண்டிவனத்திலிருந்து செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் மாதா கோயில்தான் எங்கள் பகுதிக் கத்தோலிக்கர்களின் பங்கு. ஞாயிறு பூசையில் கடைசி பெஞ்சுக்காரன் நான்.

எங்கள் கோயில் மோசமாக இருந்தது என்று சொல்ல முடியாது. சும்மா இருந்தது. படித்த பிள்ளைகள் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தவர்கள் பிரசங்கம் முடியும் நேரம் பார்த்து வந்து, நற்கருணை வாங்கியதும் செருப்பைத் தேடினார்கள். சாமியார் நல்லவர், ஆனால் களைத்துப்போனவர். பூசையின் நடுவில் வரும் மன்றாட்டுகளை ஒரு வங்கி எழுத்தர் அச்சடித்த புத்தகத்திலிருந்து வாசிப்பார். திருத்தந்தைக்காக, நாட்டுத் தலைவர்களுக்காக, நோயுற்றோருக்காக, இறந்தோருக்காக. ஒவ்வொன்றின் முடிவிலும் நாங்கள் "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்போம். என்ன மன்றாட்டு என்று கேட்டிருந்தால் எங்களில் பலருக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

ஒரு ஞாயிறு அந்த எழுத்தர் வரவில்லை. டெலிபோன் அம்மாவை வாசிக்கச் சொன்னார்கள். திருத்தந்தையும் தலைவர்களும் தடையில்லாமல் போனார்கள். மூன்றாவது மன்றாட்டில், "நோயுற்றோர் அனைவரும் விரைவில் நலம்பெற வேண்டுமென்று" என்பதுவரை வாசித்துவிட்டு நிறுத்தினார். தலையை நிமிர்த்தினார்.

"யாரு?"

வாசிக்கத் தெரியாமல் தடுமாறுகிறார் என்று முதலில் நினைத்தேன்.

"நம்ம பங்குல இப்ப யாருக்கு உடம்பு சரியில்ல? பேர் சொல்லுங்க."

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "எனக்கு முட்டி வலிம்மா."

சிரிப்பு பரவியது. அவர் சிரிக்கவில்லை. "உங்களத் தெரியும். வேற?"

வேறு யார் பெயரும் வரவில்லை. அத்தனை பேர் உட்கார்ந்திருந்தோம், படுக்கையில் கிடக்கும் ஒருவருடைய பெயர் எங்கள் யாருக்கும் தெரியவில்லை. அவர் கொஞ்சநேரம் காத்திருந்தார். "சரி" என்று சொல்லிவிட்டு அந்த மன்றாட்டை முடிக்காமலேயே பக்கத்தைப் புரட்டி இறந்தோருக்குப் போனார்.

பூசை முடிந்ததும் சாமியார் அவரை அழைத்துக் கேட்டபோது நான் பக்கத்தில் நின்றேன்.

"ஏம்மா, யார் நோயாளின்னு கடவுளுக்குத் தெரியாதா?"

"அவருக்குத் தெரியும் சாமி. நமக்குத்தான் தெரியல."

பிறகு பி.பி. கால் பற்றிச் சொன்னார். டிரங்க் கால் பதிவு செய்யும் காலத்தில் இரண்டு வகை அழைப்பு இருந்தது. சாதாரண அழைப்பில் அந்தப் பக்கம் யார் எடுத்தாலும் இணைத்துவிடலாம். பி.பி. என்றால் குறிப்பிட்ட ஓர் ஆளுக்கான அழைப்பு. அந்த ஆளின் பெயரைச் சொல்லி, அவர் வந்து பேசும்வரை ஆபரேட்டர் லைனில் காத்திருக்கவேண்டும். வயலில் இருந்தாலும் வரச் சொல்லி ஆள் அனுப்புவார்கள். அவர் வராவிட்டால் அழைப்பு நடந்ததாகவே கணக்கில்லை.

"நோயுற்றோர் எல்லாரும்னா யாரும் லைனுக்கு வர மாட்டாங்க சாமி" என்றார். சாமியார் அடுத்த ஞாயிறும் அவரையே வாசிக்கச் சொன்னார்.

அதன்பிறகு மன்றாட்டில் பெயர்கள் வரத் தொடங்கின. இன்னார், இன்ன தெரு, இன்ன கஷ்டம். பக்தி கூடியது என்று எழுதினால் அது பாதிதான் உண்மை. மீதிப் பாதி, இந்த வாரம் யார் பெயர் வரப்போகிறது என்று தெரிந்துகொள்ளும் ஆசை. பிரசங்கத்துக்குப் பிறகு வந்துகொண்டிருந்தவர்கள் முன்னாலேயே வந்து உட்கார்ந்தார்கள்.

எங்கள் கோயில் கோபுரத்தில் ஒரு கொம்பு ஸ்பீக்கர் உண்டு. பூசை நேரத்தில் உள்ளே பேசுவது பேருந்து நிலையம்வரை கேட்கும். திருவிழாவுக்குக் கட்டியதை யாரும் கழற்றவில்லை. அதைப் பற்றி டெலிபோன் அம்மாவும் யோசிக்கவில்லை, நாங்களும் யோசிக்கவில்லை.

பேருந்து நிலையத்துக்கு எதிரே ஓர் ஓட்டலில் எங்கள் பங்கைச் சேர்ந்த ஒருவர் பரோட்டா மாஸ்டராக இருந்தார். மாவை வீசி அடிக்கும் சத்தத்தை வைத்தே அவர் பரோட்டாக் கல்லின் முன் நிற்கிறாரா என்று சொல்லிவிடலாம். மாலையில் மயிலத்திலிருந்தும் ஆட்கள் பார்சல் வாங்க வருவார்கள். அவருக்கு விடாத இருமல் வந்து, அரசு மருத்துவமனையில் சளி டெஸ்ட் எடுத்து, காசநோய் என்று சொன்னார்கள். மாத்திரை ஆரம்பித்தார்கள். அவருடைய மனைவி டெலிபோன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "வேண்டிக்கங்கம்மா" என்று அழுதிருக்கிறார்.

அந்த ஞாயிறு டெலிபோன் அம்மா மாஸ்டரின் பெயரையும், ஓட்டலில் அவர் பார்க்கும் வேலையையும், காசநோய் என்ற சொல்லையும் தெளிவாக வாசித்தார். நாங்களும் சத்தமாகப் பதில் சொன்னோம். பேருந்து நிலையத்தைத் தாண்டி ஓட்டல் கல்லாவில் இருந்த முதலாளியும் அதைக் கேட்டார். இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களும் கேட்டார்கள்.

மறுநாள் மாஸ்டரை வீட்டில் ஓய்வெடுக்கச் சொன்னார்கள். எவ்வளவு நாளைக்கு என்று சொல்லவில்லை.

அன்று மாலை பெண்கள் கோயிலில் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தபோது அவர் வந்தார். வாயில் கைக்குட்டை கட்டியிருந்தார். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார்.

"மைக்குல என் பேர சொன்னது யாரு?"

டெலிபோன் அம்மா எழுந்து வந்தார். "நான்தான்."

"யார கேட்டு சொன்னீங்க?"

"உங்க வீட்டுக்காரம்மா வேண்டிக்கச் சொன்னாங்க."

"வேண்டிக்கத்தானே சொன்னா. ஊருக்கே சொல்லச் சொன்னாளா? சாமிகிட்ட சொல்றதுக்கு எதுக்கும்மா கொம்பு ஸ்பீக்கரு? அவருக்கு இன்னா காது கேக்காதா?"

"தப்பு என்னுது."

"தப்பு உன்னுது. பொழப்பு என்னுது."

அவர் போய்விட்டார். டெலிபோன் அம்மா அங்கேயே நின்றார். பிறகு உள்ளே வந்து, விட்ட இடத்திலிருந்து ஜெபமாலையைத் தொடர்ந்தார். குரல் மாறவில்லை என்று அங்கிருந்த பெண்கள் குறையாகச் சொன்னார்கள். கல்நெஞ்சம் என்றுகூட ஒருவர் சொன்னார். மறுநாள் காலை அவர் ஏணி வைக்கச் சொல்லி, கோபுர ஸ்பீக்கரின் ஒயரைக் கழற்றி, சுருட்டித் தன் வீட்டுக்கு எடுத்துப்போனதை நான் பார்த்தேன்.

அடுத்து அவர் ஓட்டல் முதலாளியிடம் போனார். மருந்து ஆரம்பித்துச் சில வாரங்களில் மற்றவருக்குத் தொற்றாது என்று டாக்டர் சொன்னதைச் சொன்னார். முதலாளி மரியாதையாகவே பேசினார்.

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா. அவன் எனக்குத் தம்பி மாதிரி. கஸ்டமரு வாய நான் மூட முடியுமா?"

ஞாயிறன்று டெலிபோன் அம்மா மைக் முன் வந்து புத்தகத்தைத் திறக்காமல் பேசினார். "போன வாரம் ஒருத்தரோட விஷயத்த அவரக் கேட்காம சொல்லிட்டேன். அது மன்றாட்டு இல்ல. இனிமே கேட்காம யார் பேரையும் சொல்ல மாட்டேன்." அவ்வளவுதான்.

இப்படித்தான் அந்தப் பழக்கம் வந்தது. ஒருவர் பெயரைச் சொல்லவேண்டும் என்றால் முதலில் அவர் வீட்டுக்குப் போகவேண்டும். போய், சொல்லலாமா, என்ன சொல்லலாம் என்று கேட்கவேண்டும். டெலிபோன் அம்மா ஒருவரால் எல்லா வீட்டுக்கும் போக முடியாது. எனவே தெருவாரியாக வீடுகள் கூடி ஜெபிக்கும் அன்பியக் குழுக்களைப் புதன்கிழமை மாலைகளில் அனுப்பச் சொன்னார். பங்குப் பேரவைக் கூட்டத்தில் பாடகர் குழுத் தலைவர் எழுந்தார்.

"ஜெபம் பண்றதுக்குக் கூட பர்மிசன் கேக்கணுமா? இன்னாம்மா இது பேஜாரு. வீடு வீடா கேட்டுக்கினு திரிய நாம இன்னா ஜனத்தொகை எடுக்க வந்தவங்களா?"

"ஆமாங்க. நம்ம ஜனம் எதுன்னு நமக்கே தெரியலையே."

போகத் தொடங்கினார்கள். முதலில் கிறிஸ்தவ வீடுகள். அடுத்த வீட்டுக்காரர், "எங்க வீட்ட மட்டும் வுட்டுட்டு போறீங்களே" என்று கேட்டதால் மற்ற வீடுகளும். ரயில்வே கேட் பக்கம் முறுக்கு விற்கும் ஓர் அம்மாளிடம் டெலிபோன் அம்மா பேசியபோது நானும் இருந்தேன். டெலிபோன் அம்மாவை ஸ்கூட்டரில் ஏற்றிப் போகும் வேலை என்னிடம் வந்திருந்தது.

"எனக்கு ஜெபம்லாம் வேணாம்மா, மாரியாத்தா கீறா" என்றார் முறுக்குக்காரர். "கண்ணுதான் மறைக்குது. ஆபரேசனுக்கு முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லிக்கீறாங்க. இட்டுக்கினு போக ஆள் இல்ல."

"கோயில்ல உங்க பேர சொல்லலாமா?"

"சொல்லிக்கோ. மாரியாத்தா கோச்சிக்க மாட்டா."

அந்த ஞாயிறு மன்றாட்டு இப்படி இருந்தது: இன்னாருக்குக் கண் ஆபரேஷன், செவ்வாய்க்கிழமை விழுப்புரம் பக்கம் முண்டியம்பாக்கத்துக்குத் துணைக்கு ஓர் ஆள் கிடைக்கவேண்டுமென்று ஆண்டவரை மன்றாடுகிறோம். நாங்கள் பதில் சொன்னோம். அவர் மைக்கை விட்டு நகரவில்லை. எங்களைப் பார்த்துக்கொண்டே நின்றார். சாமியார் நாற்காலியில் அசைந்தார். கடைசியில் வங்கி எழுத்தர், "நான் லீவு போட்டுட்டுப் போறேம்மா" என்று கையைத் தூக்கினார். அதன்பிறகுதான் அடுத்த மன்றாட்டு.

ஆள் கிடைக்கும்வரை நிற்பது அவருடைய வழக்கமாகிவிட்டது. ஏரிக்கரையில் இருந்த இருளர் குடியிருப்புக்குத் தெருவிளக்கு இல்லை, மழைக்குப் பாம்பு வருகிறது என்று ஒரு வாரம் வாசித்தார். பாடகர் குழுத் தலைவர்தான் எழுந்தார். மின்வாரிய அலுவலகத்துக்கும் நகராட்சிக்கும் பலமுறை நடந்து, விளக்கு எரிந்த அன்று, "நானும் எத்தனையோ பாட்டு பாடியிருக்கேன், இந்த மாதிரி ஒரு நாளும் தொண்ட கட்டல" என்றார்.

பூசை முடிந்ததும் கலைந்துபோகும் கூட்டம் இப்போது கோயில் கேட்டில் தங்கியது. யார் எங்கே போவது என்று பேச்சு. வண்டிகள் வேறு வேறு பக்கமாகப் புறப்பட்டன. செய்ய வேலை இருக்கிறது என்று தெரிந்ததும் இளைஞர்கள் வந்தார்கள். சாமியாருக்குப் பிரசங்கத்தில் சொல்ல விஷயம் கிடைத்தது. அவர் களைப்பு நீங்கியதை நான் கவனித்தேன். பார்த்துப் பேசிய மனிதரைப் பற்றி மட்டும் பேசுபவருக்குக் குரலை உயர்த்தவேண்டிய தேவை இருக்கவில்லை.

என் மனைவிக்குக் கர்ப்பப்பை அறுவை சிகிச்சை நடந்தபோது என் வீட்டுக்கும் வந்தார். என்னை வெளியே போகச் சொன்னார். என் மனைவியிடம் தனியாகக் கேட்டார். "பேர் சொல்லுங்கம்மா, இன்னதுன்னு சொல்லாதீங்க" என்றாள் அவள். ஞாயிறன்று அவள் பெயர் மட்டும் வந்தது. அந்த வாரம் முழுவதும் எங்கள் வீட்டில் அடுப்பு பற்றவைக்க நேரவில்லை. என்ன நோய் என்று கேட்டு யாரும் வரவில்லை. சோறும் குழம்பும், ஒரு நாள் கேப்பைக் கூழும் கருவாடும் வந்தன. அந்த வாரத்துக்கான நன்றியை அவரிடம் ஒழுங்காகச் சொன்னதாக எனக்கு நினைவில்லை. சொல்லியிருந்தால், "யாருக்கு?" என்று கேட்டிருப்பார்.

அவர் இப்போது இல்லை. இதில் அவர் பெயரைப் போடாததற்குக் காரணம் அதுதான். கேட்டபிறகே சொல்லவேண்டும் என்பது அவர் வைத்த விதி. அவரைக் கேட்க இனி வழியில்லை.

பரோட்டா மாஸ்டர் விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பழக்கத்தால் ஊரில் எத்தனையோ பேருக்கு நல்லது நடந்தது. ஆனால் அது தொடங்கக் காரணமானவர் வேலையில்லாமல் வீட்டில் இருந்தார். டெலிபோன் அம்மா அதை மறக்கவில்லை. விழுப்புரம் சாலையில் இருந்த அவருடைய வீட்டுக்கு அடிக்கடி போனார். மாஸ்டர் வெளியே வரமாட்டார். உள்ளறையின் துணித்திரைக்குப் பின்னால் இருப்பார். டெலிபோன் அம்மா வாசல் அறையில் உட்கார்ந்து அவருடைய மனைவியிடம் பேசுவார். நான் போன அன்று நடந்தது இது.

"மாத்திரை சாப்பிட்டாரா?"

திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "சாப்ட்டாச்சுன்னு சொல்லு."

"சாப்ட்டாராம்மா" என்றார் மனைவி.

"மறுபடி சளி டெஸ்ட் எப்ப?"

"எதுக்கு கேக்கறாங்கன்னு கேளு. மைக்குல போடவான்னு கேளு."

மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். டெலிபோன் அம்மா அதே தொனியில் சொன்னார். "ஸ்பீக்கர் ஒயர் என் வீட்டு பீரோவுலதான் இருக்குன்னு சொல்லுங்க."

திரைக்குப் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. இருமலா சிரிப்பா என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. பிறகு மாஸ்டர், "நடுவுல உக்காந்து பேசறதுக்கு உனக்கு இன்னா சம்பளம் குடுக்கறாங்கன்னு நீயும் கேளுடி" என்று மனைவியிடம் சொன்னார். அது சிரிப்புதான்.

டெலிபோன் அம்மா அவருக்காக ஜெபிப்பதாக ஒருநாளும் சொல்லவில்லை. அவர் பெயரைக் கோயிலில் மறுபடி எடுக்கவும் இல்லை. மாத்திரை, சாப்பாடு, தூக்கம், இவ்வளவுதான் பேச்சு. தொற்று இல்லை என்று மருத்துவமனையில் சொன்னபிறகு மாஸ்டர் தினமும் ரயிலில் விழுப்புரம் போய், தன்னைத் தெரியாத ஓர் ஓட்டலில் மாவு பிசைந்தார். தொண்டை கமறினால் பின்கட்டுக்கு ஓடிவிடுவேன் என்று பிற்பாடு என்னிடம் சொன்னார். அங்கேயும் யாராவது திண்டிவனத்துக்காரர் சாப்பிட வந்துவிடுவாரோ என்ற பயம் அவரை விடவில்லை. கல்லில் நிற்கச் சொன்னபோதும் மறுத்து, யார் கண்ணிலும் படாமல் மாவோடு இருந்தார். ஊரில் ஒரு கடை போடவேண்டும், தன் கையால் போட்டதைத் தன் ஊர் சாப்பிடவேண்டும், அதுதான் அவருக்கு வேண்டியிருந்தது. யார் சாப்பிடுவார்கள் என்பதுதான் கேள்வி.

சிகிச்சை முடிந்து, நோய் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்த வாரச் சனிக்கிழமை மாலை அவர் முதல்முறையாக டெலிபோன் அம்மாவின் வீட்டுக்கு வந்தார். அடுத்த நாளைய மன்றாட்டுகளை நான் எழுதிக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"நாளைக்கு நான் மைக்குல பேசணும்" என்றார்.

"என்ன பேசப் போறீங்க?"

"அது என் விஷயம். நீங்க கேக்கக்கூடாது."

டெலிபோன் அம்மா தலையாட்டினார்.

"ஒயர எடுத்துக் குடுங்க. கொம்பு ஸ்பீக்கர்ல வரணும்."

டெலிபோன் அம்மா தயங்கியதை அன்றுதான் பார்த்தேன். "நல்லா யோசிச்சீங்களா தம்பி?"

"யோசிக்கறதுக்கு ஆறு மாசம் குடுத்தாங்கம்மா."

ஞாயிறன்று மன்றாட்டு நேரத்தில் மாஸ்டர் சலவைச் சட்டையோடு போய் நின்றார். டெலிபோன் அம்மா முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மாஸ்டர் மைக்கை ஒரு தட்டு தட்டினார். வெளியே கோபுரத்தில் அது இடிபோலக் கேட்டது. தன் பெயரை அப்பா பெயரோடு சேர்த்துச் சொன்னார்.

"எனக்கு டிபி இருந்துச்சு. மாத்திரை சாப்ட்டேன். இப்ப இல்லன்னு ஆஸ்பத்திரில சொல்லிட்டாங்க. இத வேற யாரும் சொல்லல, நானே சொல்றேன். இன்னைக்கு சாயங்காலம் கோயில் மதிலாண்ட கட போடறேன், சாமியாரு எடம் குடுத்துக்கீறாரு. வந்து சாப்பிடறவங்க நல்லா இருக்கணும். பயந்துக்கினு வராதவங்களும் நல்லா இருக்கணும்னு ஆண்டவரை மன்றாடுகிறேன்."

கடைசிச் சொல் மட்டும் பூசைத் தமிழில் வந்தது. பிறகு பதில் வந்தது, "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்." நான் டெலிபோன் அம்மாவைப் பார்த்தேன். அவர் மடியில் இருந்த கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பழைய ஓட்டலின் முதலாளி வாசலுக்கு வந்து கோபுரத்தை நிமிர்ந்து பார்த்தபடி நின்றதாக அங்கே இருந்த ஒருவர் பிறகு சொன்னார்.

மாலையில் நான் நேரத்தோடு போனேன். பழக்கதோஷம், யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று பார்ப்பது என் வேலை. தள்ளுவண்டியில் கல் சூடேறிக்கொண்டிருந்தது. மாஸ்டரின் மனைவி இலையை நறுக்கி அடுக்கினார். எங்கள் பங்குக்காரர்கள் வந்திருந்தார்கள், ஆனால் சாலைக்கு அந்தப் பக்கம், பேருந்துக்கு நிற்பவர்களைப்போல நின்றார்கள். கோயிலில் பதில் சொல்வது சுலபம். சாலையைத் தாண்டுவதற்கு நேரம் பிடித்தது. மாஸ்டர் யாரையும் கூப்பிடவில்லை. மாவை வீசி அடிக்கத் தொடங்கினார். அந்தச் சத்தம் பழைய சத்தமாகவே இருந்தது.

முதல் பரோட்டாவைச் சாப்பிட்டவர் இந்தக் கதை எதையும் கேள்விப்படாத ஒரு லாரி டிரைவர். பசியோடு வந்தார், நான்கு சாப்பிட்டார், "சால்னா கொஞ்சம் ஊத்து தலைவா" என்று இலையை நீட்டினார். அவருக்குப் பிறகு சாமியார் வந்தார். பிறகு வங்கி எழுத்தர். பிறகு முட்டி வலிக்காரர், "எவ்ளோ நேரம்பா நான் நின்னுக்கினே இருக்கறது" என்று எல்லாரையும் விலக்கிக்கொண்டு வந்தார். அதன்பிறகு வரிசை சேர்ந்துவிட்டது. எல்லாரும் வந்தார்கள் என்று எழுத மாட்டேன். பேரவையில் இரண்டு மூன்று வீட்டார் வரவில்லை. ஓட்டல் முதலாளியும் வரவில்லை. அவர் வீட்டுக்காரம்மா பார்சல் வாங்கிப்போனார்.

டெலிபோன் அம்மாவைக் காணவில்லை. ரயில்வே கேட் பக்கம் யாரோ ஒருவரிடம் சம்மதம் கேட்டுவரப் போயிருந்தார். கடை மூடும் நேரத்தில் நடந்து வந்தார். வரிசை முடிந்திருந்தது. மாஸ்டர் கல்லைச் சுரண்டிக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்ததும் நிறுத்திவிட்டு, "சால்னா தீந்துபோச்சும்மா" என்றார்.

"முழுசாவா?"

"சட்டிய வழிச்சாச்சு. ஒரு கரண்டிகூட இல்ல."

அவர் அந்தப் பாத்திரத்தை எட்டிப் பார்த்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சர்க்கரை இருக்கா?"

மாஸ்டரின் மனைவி பக்கத்து டீக்கடைக்குப் போய்ச் சர்க்கரை வாங்கிவந்தார். மாஸ்டர் மிச்சமிருந்த மாவில் இரண்டு போட்டு, சூட்டோடு இரு கையாலும் அடித்து உதிர்த்து, இலையில் வைத்து, மேலே சர்க்கரையைத் தூவினார். டெலிபோன் அம்மா ஒரு துணுக்கு விடாமல் சாப்பிட்டார். மாஸ்டர் கையைக் கட்டிக்கொண்டு எதிரே நின்றார்.

டெலிபோன் அம்மா எழுந்து கை கழுவினார். முந்தானையில் துடைத்துக்கொண்டு, "நாளைக்குச் சால்னா கொஞ்சம் கூடுதலா வையுங்க" என்றார்.